தங்கவயலில் ஓய்வு பெற்றவர்கள்

முதுகலையில் முதுமையின் சமூகவியல் என்று ஒரு தாள் இருந்தது. ஓய்வு பெறுவது உடலுக்கு நல்லதா, கெட்டதா என்பது அதில் பெரிய விவாதம். வேலை போனதும் நட்பு வட்டம் சுருங்குகிறது, மனம் தளர்கிறது, உடம்பும் கூடவே தளர்கிறது என்று ஒரு தரப்பு. அழுத்தம் குறைகிறது, தூக்கம் வருகிறது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வருகிறது என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் ஆதாரம் உண்டு. ஆனால் இந்த விவாதத்தில் வருகிற மனிதர் பெரும்பாலும் மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவர் செய்த வேலை அவர் உடம்புக்குள் புகுந்து தங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் முதியோர் மருத்துவ முகாம் ஒன்றில் உதவி செய்ய கோலார் தங்கவயல் போயிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம், "எந்த வருஷம் ரிட்டயர் ஆனீங்க ஐயா?" என்று கேட்டேன். "நான் எங்கம்மா ரிட்டயர் ஆனேன், மைன்ஸ்தான் ரிட்டயர் ஆச்சு" என்றார். சிரித்துவிட்டு இருமினார், இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்த இருமலின் வரலாறு.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் நவீனச் சுரங்கத்தைத் தொடங்கியது. 1876-78 தாது வருடப் பஞ்சம் முடிந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வட ஆர்க்காடு, சித்தூர் பக்கமிருந்து பறையர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பஞ்சம் மட்டும் காரணமில்லை. ஊரில் பண்ணையில் படியாளாகக் கிடப்பதைவிட, கூலியைக் காசாகத் தரும் பாதாளம் மேல் என்று நம்மவர்கள் முடிவு செய்தார்கள். அவர்களை வெறும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களாகப் பார்க்கும் வழக்கம் நம் எழுத்திலும் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாத்துரையார் மீண்டும் கொண்டுவந்ததும் இங்கிருந்துதான். அந்த அறிவு இயக்கத்தைத் தாங்கியது சுரங்கக் கூலி.

ஆனால் பாதாளத்துக்குள்ளும் சாதி இறங்கியது. மேற்பார்வை வெள்ளைக்காரர்களிடமும் ஆங்கிலோ இந்தியர்களிடமும் இருந்தது. பாறையைத் துளைப்பது, வெடித்த கல்லை வாரி ஏற்றுவது போன்ற வேலைகளில் பெரும்பாலும் நம்மவர்கள்.

அங்கே தங்கம் இருந்தது வெண்கல்லில், அதாவது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி பறக்கும். அது நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும், நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். இதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் கழித்தே தெரியவரும். காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். தூசியை விட்டு விலகிய பிறகும் தழும்பு வளர்வது நிற்பதில்லை. அதாவது, ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த உடம்புக்கு ஓய்வு தொடங்குவதில்லை. பல பேருக்கு நோய் தலைகாட்டுவதே அதற்குப் பிறகுதான். ஓய்வு நல்லதா கெட்டதா என்ற பாடப்புத்தகக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமாகவும் இருக்கவில்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. மைசூர் அரசு 1940இலேயே இந்த நோய்க்கு இழப்பீட்டு விதிகளும் கொண்டுவந்திருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிப் பேசும் யாரும் இன்றைக்கும் தங்கவயலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மாணவத் தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணியில் இருப்பவர்களைப் பரிசோதிக்கும் கணக்கெடுப்பு எதுவானாலும் அது நோயைக் குறைத்தே காட்டும். முடியாமல் போனவர் ஏற்கெனவே வேலையை விட்டிருப்பார். குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி, திண்ணையில் இருமிக்கொண்டு கிடந்தவர் எந்த எக்ஸ்ரேயிலும் வரமாட்டார். அவருடைய சாவு ஊர்க் கணக்கில் காசநோய், அல்லது வயோதிகம். வேலையில் மிஞ்சியிருப்பவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதால் வேலையே ஆரோக்கியமானதாகத் தெரியும் இந்தப் பிழைக்கு ஆய்வு முறையியலில் பெயரே உண்டு, ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று.

இழப்பீடு வேண்டுமானால் நோய் இருப்பதாக டாக்டர் சான்று தர வேண்டும். சான்று வந்தால் அண்டர்கிரவுண்ட் வேலையும் அதற்கான கூலியும் போகும். மறைத்தால் கூலி இருக்கும், நுரையீரல் போகும். கல்லுடைப்பு, கண்ணாடி, சிலேட்டுப் பென்சில் என்று சிலிக்காத் தூசி பறக்கும் எல்லாத் தொழிலிலும் இந்த இக்கட்டு உண்டு. முப்பத்தைந்து வயதில், நான்கு பிள்ளைகளோடு லைன் வீட்டில் இருக்கும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்க வேண்டியதில்லை.

தொழிலாளர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946இல் 78 நாள் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டுகளில் டெல்லியில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர், 1942 முதல் 1946 வரை. தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி பி.பி. அதார்க்கர் 1944இல் அறிக்கை கொடுத்தது அவர் காலத்தில்தான். அதிலிருந்து வளர்ந்ததே 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்பதற்குள் சுரங்கம் சேரவில்லை. சுரங்கத் தொழிலாளிக்கு அந்த அட்டை கிடைக்கவில்லை. தங்கவயல்காரர்களுக்கு இருந்தது கம்பெனி ஆஸ்பத்திரி. வீடு, தண்ணீர், கரண்டு, மருந்து எல்லாமே வேலையோடு கட்டப்பட்டிருந்தன.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். அன்றைக்கு வேலை மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்படும் வயதில் இருந்த ஒரு தலைமுறையிடமிருந்து ஆஸ்பத்திரியும் போயிற்று.

ஓய்வு வயது என்பது இயற்கை வகுத்த எல்லை அல்ல, அரசியல் வகுத்தது. பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1889இல் முதியோர் காப்பீட்டைச் சட்டமாக்கியபோது வயது 70. அந்த வயதைத் தொட்ட ஆலைத் தொழிலாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1916இல்தான் அதை 65 ஆகக் குறைத்தார்கள். நம்முடைய 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் வயது 58, குறைந்தது பத்து வருட சேவை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். பதினெட்டு வயதில் குழிக்குள் இறங்கியவருக்கும் ஏ.சி. அறையில் உட்கார்ந்தவருக்கும் அதே 58. முன்னவருக்கு அது நாற்பது வருடத் தூசி. அந்த 1,000 ரூபாயில் மூச்சுக்கு உறிஞ்சும் பம்பு வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். இரவில் நெஞ்சைத் தடவிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய அந்த வேலைக்கு ஓய்வு வயதே கிடையாது.

இப்போது தங்கவயலில் விடியும் முன்பே ரயில் நிரம்பிவிடுகிறது. இளைஞர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களிலும் பல பேர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் வீட்டில். ஊருக்குள் குன்று குன்றாகக் கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் தூசி லைன் வீடுகளுக்குள் வந்து இறங்குகிறது. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதன் தூசியிலிருந்து ஓய்வு இல்லை.

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. சிலிகோசிஸ் என்று மருத்துவ வாரியம் சான்று தந்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எந்த முதலாளியிடம் வேலை பார்த்தார் என்று தொழிலாளி நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கல்சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் பல வருடம் போராடிப் பெற்றது அது.

அந்த முகாமில் பெரியவருடைய சீட்டில் 'ஆஸ்துமா' என்று எழுதியிருந்தது. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். நாங்கள் அச்சடித்துக் கொண்டுபோன படிவத்தில் பெயர், வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, வேலைக்கு இல்லை. அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. மதியத்துக்குப் பிறகு பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தோம்: என்ன வேலை, எத்தனை வருஷம், மேலேயா அண்டர்கிரவுண்டா.