கடல் தாண்டிய இங்கிலீசும் சேரிப் பிள்ளைகளும்

எங்கப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1960 வாக்கில் அவரை ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். இங்கிலீசைத் தமிழில் பெயர்த்துச் சொல்லக் கூடாது, பொருளைக் கையில் காட்டி வாக்கியத்தை வாயில் பழக்க வேண்டும் என்பது பாடம். ‘திஸ் இஸ் எ பென்.’ ‘திஸ் இஸ் எ புக்.’ திரும்பி வந்தவர் பேனாவைக் காட்டினார், புத்தகத்தைக் காட்டினார். அந்தக் கூரைக் கொட்டகையில் காட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது? மூலையில் இருந்த தண்ணிப் பானையைக் காட்டி ‘திஸ் இஸ் எ பாட்’ என்றார். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தினார்கள். “சொல்றதுக்கு மட்டுந்தாண்டா அந்தப் பான, தொடுறதுக்கு இல்ல”ன்னு அப்பா சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. ஊர்ப் பள்ளிக்கூடம் அது. சேரிப் பிள்ளைகளுக்கு மேலேயிருந்துதான் ஊத்துவாங்க. வாத்தியாரான அவருக்கும் அப்படித்தான்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பேர் உண்டு என்பது நான் எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது. ‘மதராஸ் ஸ்நோபால்.’ பனியில் உருட்ட உருட்டப் பெரிசாகிக்கொண்டே போகிற உருண்டை. எங்க ஊர் வெயிலில் பனி உருண்டையைக் கண்டவன் யார்? பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு 1950களின் இறுதியில் தொடங்கிய திட்டம் அது. மேலே சிலரைப் பழக்குவது, அவர்கள் கீழே பலரைப் பழக்குவது என்று 27,000 ஆசிரியர்களை எட்டுவது குறி. அதே காலத்தில், 1958இல், ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் பிறந்தது. அதற்கும் பிரிட்டிஷ் கவுன்சில் துணை உண்டு, ஃபோர்டு பவுண்டேஷன் பணம் உண்டு. 1947இல் கப்பலேறிப் போனவர்கள் பத்து வருஷத்தில் சாக்பீசோடு திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. கூப்பிட்டவர்கள் நம்மூர் அதிகாரிகள்தான்.

1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகள் கூடி, இரண்டாம் மொழியாக இங்கிலீசை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசின. அந்த மாநாட்டிலிருந்து பரவிய நம்பிக்கைகள் ஐந்து என்று ராபர்ட் பிலிப்சன் 1992இல் வந்த தன் நூலில் எடுத்துக்காட்டினார். இங்கிலீசை இங்கிலீசிலேயே சொல்லித் தர வேண்டும். அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த வாத்தியார். எவ்வளவு சின்ன வயசில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகம் சொல்லித் தருகிறோமோ அவ்வளவு நல்லது. வேறு மொழி கலந்தால் தரம் கெடும். இவை ஐந்தும் பொய் நம்பிக்கைகள் என்பது அவர் வாதம். இதில் இரண்டாவதுதான் வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டால் எங்கப்பா மாதிரி வாத்தியார் என்றைக்குமே அரை வாத்தியார்தான், லண்டனிலிருந்து வருகிற நிபுணருக்கு என்றைக்கும் வேலை இருக்கும். ஐந்தாவதைச் சேரிப் பிள்ளை வேறு மாதிரி அனுபவிக்கும். அதனுடைய தமிழையே தமிழ் வாத்தியார் ‘கொச்சை’ என்று தலையில் குட்டியிருப்பார். அடுத்த பீரியடில் இங்கிலீசு வாத்தியார் வந்து அந்தத் தமிழும் வாயில் வரக் கூடாது என்பார்.

போக்குவரத்து ஒரு பக்கமாகவே இருந்தது. நிபுணர் அங்கிருந்து வருவார், உபகாரச் சம்பளத்தில் இங்கிருந்து ஒருத்தர் போவார், போய் அங்குள்ளதைக் கற்று வருவார். இங்கிருந்து ஒன்று அங்கே போனாலும் அதற்கு அங்கீகாரம் கிடைப்பது வேறு கதை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ். பிரபு ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்று வேலை கொடுத்து, வேலையின் ஊடே மொழியைப் படிய வைப்பது. இன்று உலகம் முழுக்க நடக்கிற செயல்வழி மொழிக் கற்பித்தலுக்கு இந்தப் பெங்களூர்த் திட்டம் ஒரு தொடக்கம். நம் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சில் விளைந்த முறை, பிறகு வெளிநாட்டுப் பாடப்புத்தகமாக நமக்கே விலைக்கு வந்தது.

ஆப்பிரிக்காவில் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் அவர் தோழர்கள் இருவரும் ஆங்கிலத் துறையையே ஒழிக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். இங்கிலாந்து நடுவில், நாம் ஓரத்தில் என்ற வரிசையைப் புரட்டு, ஆப்பிரிக்காவை நடுவில் வை, வாய்மொழி இலக்கியத்தைப் பாடமாக்கு என்பது கோரிக்கை. கூகி மக்கரேரேயில் படித்தவர், பிறகு லீட்சுக்குப் போனவர். கடல் தாண்டிப் போய்வந்தவர்தான் அந்த மனுவையும் எழுதினார். 1977இல் கிக்கூயு மொழியில் கிராமத்து ஜனங்களோடு நாடகம் போட்டதற்காகச் சிறைக்குப் போனார். 2025இல் இறந்தார்.

கூகியை மதிக்கிறேன். ஆனால் நம்மூர்க் கருத்தரங்குகளில் அவர் பேரைச் சொல்லி ‘ஆங்கிலம் காலனிய விலங்கு’ என்று முழங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அவுங்க பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு கேட்டுப் பாருங்க. மெக்காலே 1835இல் தேடியது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நிற்க ஒரு வகுப்பை. அந்த இடத்தில் போய் நின்றவர்கள் யார்? 1856இல் தார்வாரில் ஒரு மகார் பையன் அரசுப் பள்ளியில் சேர வந்தபோது சேர்க்கவில்லை. அவன் மனு போட்டும் பம்பாய் அரசு அசையவில்லை. வெள்ளைக்காரனுடைய பள்ளிக்கூடத்திலேயே சாதி முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

1893இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் வைக்க வேண்டுமென்று காங்கிரசு கேட்டது. கேட்டால் நியாயம்தான். கடல் தாண்டினால் சாதி கெடும் என்று நம்பியவர்களுக்கு அது ரொம்பவே நியாயம். இரட்டைமலை சீனிவாசனும் அவரோடு நின்றவர்களும் சென்னையில் கூட்டம் போட்டு, இங்கே தேர்வு வேண்டாம் என்று 3,412 பேர் கையெழுத்தோடு பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார்கள். இங்கே தேர்வு வைத்தால் வருகிற கலெக்டர் எந்தத் தெருவிலிருந்து வருவான் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரனே இருக்கட்டும் என்று கேட்டது எனக்கு இன்றும் முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துகளை அடிமைப் புத்தி என்று எழுதுகிறவர்கள், கையெழுத்துப் போட்டவர்களுடைய தெருவில் ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கிலீசை நம் காரியத்துக்குத் திருப்பியது வேறொரு பயணம். 1913இல் பரோடா மன்னரின் உதவியோடு அம்பேத்கர் நியூயார்க் கொலம்பியாவுக்குப் போனார். 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் சாதி எப்படி உண்டாகிறது, எப்படி வேலை செய்கிறது என்று கட்டுரை படித்தார். அங்குள்ளதைக் கற்று வரப் போனவர், அங்கில்லாத ஒன்றை அவர்கள் முன்னால் வைத்தார். 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டூபாய்சும் பதில் எழுதினார். 1966இல் ஓக்லாந்தில் பிளாக் பாந்தர் கட்சி பிறந்தது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் பிறந்தது. இந்தப் பரிமாற்றத்துக்கு ஒப்பந்தமும் கிடையாது, துணைவேந்தர்கள் கைகுலுக்கிய போட்டோவும் கிடையாது. இங்கிலீசுதான் பாலம், ஆனால் பாலத்தின் இரண்டு முனையிலும் வெள்ளைக்காரன் இல்லை.

இப்போது எங்கும் எம்.ஓ.யூ. காலம். நான் வேலை பார்த்த கல்லூரிக்கும் ஒன்று வந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்திலிருந்து ஐந்து மாணவர்கள் இரண்டு வாரம் வந்தார்கள். ‘ஆங்கிலக் கல்வியைக் காலனிய நீக்கம் செய்வோம்’ என்று பேனர். அவர்களோடு இருக்க நம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்க நேர்காணல். ஒரு பெண், அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். “மை ஃபாதர் பீட்ஸ் பறை” என்றாள். ஏம்மா, மியூசிஷியன்னு சொல்லக் கூடாதா என்றார் ஒருத்தர். “மியூசிஷியன்னா புடிக்கலேன்னா வரமாட்டேன்னு சொல்லிடலாம் சார். எங்கப்பா அப்படிச் சொல்ல முடியாது” என்று தமிழில் சொன்னாள். கம்யூனிகேஷன் போதாது என்று எழுதினார்கள். அந்த மேசையில் நானும் இருந்தேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம்.

விருந்தாளிகளுக்கு மாமல்லபுரம், பரதநாட்டியம், சேலை கட்டும் நாள் என்று நிகழ்ச்சி நிரல். அவர்களில் ஒருத்தி கறுப்பினப் பெண், பாட்டி ஜமைக்காவிலிருந்து போனவர். தேர்வாகாத நம்ம பெண்ணோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பாட்டி பேசிய இங்கிலீசை லண்டன் பள்ளிக்கூடம் இங்கிலீசாகவே சேர்க்கவில்லையாம். இது அவள் வீட்டுக் கதை மட்டுமல்ல. கரீபியப் பிள்ளைகளை ‘மந்த புத்தி’ என்று எப்படித் தனிப் பள்ளிகளில் தள்ளினார்கள் என்று கிரெனடாக்காரரான பெர்னார்டு கோர்டு 1971இலேயே ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். இங்கிலீசின் சொந்த ஊரிலேயே இங்கிலீசுக்குச் சேரி இருந்திருக்கிறது. நம்ம பெண் என்னிடம் வந்து, “அப்ப ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’னா யார் சார்?” என்று கேட்டாள். முப்பது வருஷம் இங்கிலீசு நடத்தியவனிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த விருந்தாளியைத் தன் தெருவுக்குக் கூட்டிப்போனாள். திட்ட அறிக்கையில் அது இல்லை.

பரிமாற்றம் நடக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. யார் போகிறார்கள், எதைப் பேசப் போகிறார்கள் என்று கேட்கிறேன். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 1950களிலிருந்தே இருக்கிறது. 2022இல் அதன் இடங்கள் 125. இந்த நாடு முழுமைக்கும். அந்த வருஷம்தான் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது என்று விதி சேர்த்தார்கள். 1916இல் அம்பேத்கர் படித்த கட்டுரையை எழுத இன்று ஒருத்தர் கிளம்பினால் இந்த விதியில் முட்டிக்கொண்டு நிற்பார். அதற்குள் அங்கே நிலைமை மாறியிருந்தது. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. சாதி விசா வாங்கிப் போய்விட்டது, சாதியைப் பற்றிய படிப்புக்குத்தான் தடை.

அந்தப் பெண்ணும் 2022இல் விண்ணப்பம் போட்டாள். பறையடிக்கிற குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று நாலு வருஷமாக அப்பாவிடமும் சித்தப்பாக்களிடமும் கேட்டு எழுதி வைத்திருந்தாள், மூணு நோட்டு. விதியைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், “ஜமைக்கா பாட்டிங்க இங்கிலீசைப் பத்தி எழுதலாம்ல சார், அதுக்குத் தட இல்லையே?” என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தலைப்பை மாற்றி எழுதினோம். நோட்டு மூணும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.