துருக்கி போனது, மிளகாய் தங்கியது!

மூலனூர்ப் பக்கம் கறிக்குழம்பில் மிளகாய் குறைந்தால், ''என்னங்க, சப்புன்னு இருக்குது?'' என்பார்கள். ஆனால், 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தபோது, இந்தியாவில் மிளகாய்ச் செடியே கிடையாது! காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் பிற்பாடு கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 'மிளகு மாதிரி காரமான காய்' என்று நாம் பெயர் வைத்தோம்.

ஹங்கேரியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1541-ல் துருக்கியர்கள் புடா நகரைப் பிடித்தார்கள். 1686 வரை விடவில்லை. அந்த ஆட்சிக் காலத்தில் மிளகாய் அங்கே போய்ச் சேர்ந்தது. ஹங்கேரியர்கள் வைத்த பெயர் 'துருக்கி மிளகு'! எதிரியை விரட்டினார்கள்; மிளகாயை விரட்டவில்லை. மாடு மேய்ப்பவர்கள் கொப்பரையில் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பில் அது கலந்து, 'கூலாஷ்' என்கிற தேசிய உணவாகச் சிவந்தது. இன்று யாராவது துருக்கி பாணியில் கூலாஷ் சமைத்தால் முகம் சுளிக்காதீர்கள். அதன் சிவப்பே துருக்கி உபயம்!

இன்னொரு வேடிக்கை... ஹங்கேரி மிளகாயின் பெயர் 'பாப்ரிகா'. அதன் வேரைத் தேடினால் லத்தீனில் 'பிப்பெர்', கிரேக்கத்தில் 'பெப்பெரி', கடைசியில் நம்ம ஊர் 'பிப்பலி' - அதாவது, திப்பிலி!

அடுத்த முறை, 'இது சுத்தமா எங்க ஊர்ச் சமையல்' என்று நீங்கள் மார்தட்டும்போது, குழம்பின் நிறத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்!