துவாலு: ஆழம் தெரிஞ்ச தீவு, உயரம் தெரியாத தீவு

இன்னைக்கு பசிபிக் கடல்ல இருக்கிற துவாலு நாட்டுக்குப் போறோம். மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர்தான். சுமார் 11,000 பேர் வாழ்கிறார்கள். நாட்டிலேயே உயரமான இடம் 5 மீட்டரைக்கூடத் தொடாது. நம்ம ஊர் இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி அதைவிட உயரம்!

விநோதம் என்னன்னா, இந்தத் தீவுக்கு அடியில் என்ன இருக்குன்னு 1898-லேயே தெரியும். எரிமலை மெல்ல மெல்ல மூழ்க, அதன்மேல் பவளம் வளர்ந்து வளர்ந்துதான் இந்த வளையத் தீவுகள் உருவாயின என்றார் டார்வின். அதைச் சோதிக்க லண்டன் ராயல் சொசைட்டி 1896-ல் துவாலுவின் ஃபுனாஃபுட்டிக்குத் துளையிடும் கருவிகளோடு ஆள் அனுப்பியது. முதல் முயற்சி தோல்வி. அடுத்த வருடம் சிட்னி பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட் வந்தார். 1898-ல் துளை 1,114 அடி வரை இறங்கியது. வந்ததெல்லாம் பவளச் சுண்ணாம்பு. எரிமலைப் பாறை கடைசிவரை அகப்படவில்லை. அது 1952-ல் எனிவெடாக் தீவில்தான், ஆயிரம் மீட்டருக்கும் கீழே கிடைத்தது.

இவ்வளவு மெனக்கெட்டதெல்லாம் ஆழத்துக்காகத்தான். கேள்வி டார்வினுடையது, தீவுக்காரர்களுடையது இல்லையே!

1942-ல் அமெரிக்கப் படை வந்தது. ரன்வே போட தென்னைகளை வெட்டி, தீவையே தோண்டி மண் எடுத்தது. அந்தக் குழிகள் எழுபது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. 2015-ல்தான் காயல் மணல் கொட்டி நிரப்பினார்கள்.

சரி, சாட்டிலைட்ல அளக்க முடியாதா? 2000-ல் விண்கலத்து ரேடார் உலகத்தின் பெரும்பகுதியை அளந்தது. அதற்கு அனுமதித்த உயரப் பிழையே 16 மீட்டர். போதாததற்கு, தென்னை உச்சியையும் கூரையையும் தரைன்னு நினைச்சுக்கும். 5 மீட்டர் நாட்டுக்கு இது எதுக்கு ஆகும்?

அதனால்தான் 2019-ல் விமானத்தில் லிடார் வந்தது. லேசர் துடிப்பு கீழே போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறார்கள். ஒரே துடிப்பில் கொஞ்சம் ஓலையில் பட்டுத் திரும்பும், மீதி இடுக்கு வழியே தரையைத் தொட்டு வரும். கடைசியாக வந்ததைப் பிரித்தெடுத்தால் தென்னந்தோப்பைக் கழித்துவிட்டுத் தரை தெரியும். பிழை ஒரு சாணுக்குள். பச்சை லேசர் என்றால் தெளிந்த தண்ணீருக்குள்ளும் இறங்கும். பவளத்திட்டும் வரைபடத்தில் ஏறிவிடும்.

எதிலிருந்து உயரம் என்பதுதான் அடுத்த சிக்கல். விமானத்தின் ஜிபிஎஸ்ஸுக்குக் கடல் தெரியாது. அதனால் கிடைத்த எண்களை, ஃபுனாஃபுட்டியில் 1993-லிருந்து ஓதத்தை அளந்துவரும் கருவியின் மட்டத்தோடு பொருத்தணும். அப்போதுதான் எந்த ஓதத்தில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும்னு சொல்ல முடியும்.

ஃபுனாஃபுட்டியில் கடலை நிரப்பி சுமார் 7 ஹெக்டேர் புது நிலம் உயர்த்தினார்கள். 2100-லும் அலைக்கு மேலே நிற்கும் என்பது கணக்கு. இன்னொரு பக்கம், 124 தீவுகளையும் திட்டுகளையும் முப்பரிமாணத்தில் லிடார் ஸ்கேன் செய்துவிட்டதாக 2023-ல் துவாலு அறிவித்தது. நிலம் போனாலும் நாடு டிஜிட்டலில் இருக்கணுமாம். எனக்கு முதல் வேலைதான் பெரிசாத் தெரியுது. ஆனால் அங்கே வீடு இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல, இரண்டும் தேவை.

டேவிட் துளையிட்ட இடம் இன்னும் ஃபுனாஃபுட்டியில் இருக்கு. அந்த இடம் கடலுக்கு எவ்வளவு மேலேன்னு இப்போ லிடார் வரைபடத்தில் பார்த்துக்கலாம்.