சேவற்காசு சொல்லும் செய்தி

மண்ணிலிருந்து ஒரு பழங்காசு வெளிப்பட்டதும் அதனைக் கண்டெடுத்தவர் கேட்கும் முதற் கேள்வி, "இஃது எந்த அரசனுடைய காசு?" என்பதே. சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்று படித்துப் பழகியவர்கள் இவ்வாறு கேட்பது இயல்பே. காசு என ஒன்று இருப்பின் அதனை அடித்த அரசு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது பொதுவான எண்ணம். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பெருக வழங்கிய செப்புக்காசு ஒன்று இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. அதில் அரசன் பெயர் இல்லை. அடித்தவர் பெயரும் இல்லை. ஒரு சேவல் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றது.

உலோகம் கண்டறியும் கருவியுடன் கடற்கரையில் நடப்போர் இக்காலத்தில் பல நாடுகளிலும் பெருகியுள்ளனர். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினால் ஆணியும் மூடியுமே பெரும்பாலும் கிடைக்கும். எப்போதேனும் பச்சைக் களிம்பு ஏறிய வட்டத் தகடு ஒன்று கையில் அகப்படும். அது காசா, பொத்தானா, அணிகலனின் உறுப்பா என்று தெளிவதற்கு முன்னர் அது கிடந்த இடத்தைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும்.

இடம் கூறும் சான்று

பிடோக் பழமையான பெயர். போர்த்துகீசியரான கொடின்ஹோ டி எரேடியா 1604-ஆம் ஆண்டில் வரைந்த படத்திலேயே அங்குள்ள ஆறு குறிக்கப்பெற்றுள்ளது. மலாய் மொழியில் பெருமுரசைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். ஊர்ப்பெயர் பழமையானதே; ஆனால் இன்று மக்கள் உலாவும் கிழக்குக் கடற்கரை பழமையானதன்று. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் நில மீட்புப் பணியில் பிடோக் பகுதிக் குன்றுகள் வெட்டப்பட்டு, அம்மண் கடலில் கொட்டப்பெற்றது. உள்நாட்டில் உயர்ந்து நின்ற மண், கடலின் மேல் தரையாகப் பரந்தது.

இதனால் விளையும் முடிவு யாது? அக்கரை மணலில் ஒரு பழங்காசு கிடைப்பின், அது கிடந்த ஆழத்தைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்க இயலாது. குன்றின் மண்ணோடு வந்திருக்கலாம், அலை கொணர்ந்திருக்கலாம், நேற்று ஒருவர் தவறவிட்டதாகவும் இருக்கலாம். பேராசிரியர் ஜான் மிக்சிக் 1984-ஆம் ஆண்டில் கேனிங் கோட்டைக் குன்றில் நடத்திய அகழாய்வின் சிறப்பு இங்கேதான் விளங்கும். அங்கே மண்ணடுக்குகள் கலையாமல் இருந்தமையால், பானையோடும் மணியும் தாம் கிடந்த அடுக்கினாலேயே 14-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரைப் பற்றிச் சான்று பகர்ந்தன. அடுக்கினின்று பிரிந்த பொருளோ தன் முகத்தை மட்டுமே சான்றாகக் கொண்டு நிற்பது. ஆகவே அம்முகத்தைக் கெடுத்தல் ஆகாது. வீட்டுச் செம்பைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

சேவலும் எழுத்தும்

சேவற்காசு ஏறக்குறைய இரண்டு செண்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு செப்புத் தகடு. ஒருபுறம் சேவலும், அதன் மேல் அரபு எழுத்துப்போல் தோன்றும் ஒரு தொடரும் உள்ளன. மறுபுறம் மற்றொரு தொடரும் ஓர் ஆண்டும் உள்ளன. எழுத்தை மட்டும் கண்டவர் இதனை அரபு நாட்டுக் காசு என்றோ, முகலாயர் காசு என்றோ மயங்குதல் கூடும். எழுத்து அரபு எழுத்தினின்று தோன்றிய ஜாவி, மொழியோ மலாய். சேவலின் மேலுள்ளது 'தானா மெலாயு', அதாவது மலாய் நாடு. மறுபுறத்தில் 'சத்து கெப்பிங்', அதாவது ஒரு கெப்பிங். கெப்பிங் என்பது அந்நாளில் வழங்கிய மிகச் சிறிய செப்புக்காசின் பெயர்.

பல காசுகளில் 1247 என்னும் ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை அடியொற்றியதாதலின் நம் ஆண்டினும் குறுகியது. 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 கதிரவ ஆண்டுகளுக்குச் சமம். ஆகவே ஹிஜ்ரி எண்ணில் 33-இல் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதனோடு 622-ஐக் கூட்டினால் கிறித்து ஆண்டு கிடைக்கும். 1247-இல் 38 போக 1209. அதனோடு 622 சேர 1831. வகுப்பறையில் மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க எளிய கணக்கு இது.

அரசன் இல்லாக் காசு

1831-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. கம்பெனி கணக்கு எழுதியது ரூபாயில். கடைத்தெரு நம்பியதோ ஸ்பானிய வெள்ளியை. பெரிய வணிகத்திற்கு வெள்ளி போதும். கீரையும் வெற்றிலையும் வாங்கச் செப்புக்காசு வேண்டும். அச்செப்புக்காசு போதிய அளவு கிடைக்கவில்லை. அக்குறையைச் சிங்கப்பூர் வணிகர்கள் தம் ஆதாயத்திற்கு வழியாக்கிக் கொண்டனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பட்டறைகளில் செப்புக்காசுகளை அடிப்பித்துக் கப்பலில் வரவழைத்தனர். செம்பின் விலையும் கூலியும் போக, முகமதிப்பில் எஞ்சியது அவர்கட்கு ஊதியம். 1820-களின் இறுதி முதல் 1850-களின் தொடக்கம் வரை இவ்வாறு வந்த காசுகள் தீவுக்கூட்டமெங்கும் பரவின. சிலவற்றில் சிலாங்கூர், பேராக், திரங்கானு, மினாங்கபாவ் முதலிய நாட்டுப் பெயர்கள் உள்ளன. அந்நாட்டு அரசர்கள் அவற்றை அடித்தாரல்லர். அங்கே செலாவணியாகும் பொருட்டு வணிகர்களே அப்பெயர்களைப் பொறிப்பித்தனர்.

ஆண்டும் இடமும் பொய்த்தல்

இவ்வணிகர் காசுகளுள் வேறொரு வகை, ஆராய்வோரை இன்னும் மயக்குவது. அதில் கம்பெனியின் சின்னம்போல் ஒரு சின்னமும், 1804 என்னும் ஆண்டும், 'சுல்தானாத் தீவு' என்னும் ஆங்கிலத் தொடரும் இருக்கும். நிலப்படத்தில் அப்பெயருடைய தீவைத் தேடிப் பயனில்லை. இதன் மூலத்தைக் கண்டாலன்றி மயக்கம் தீராது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலன் அப்போது கம்பெனியின் கையில் இருந்தது. அங்கு வழங்குவதற்காக 1804-ஆம் ஆண்டும், ஹிஜ்ரி 1219-ஆம் ஆண்டும் பொறித்த கெப்பிங் காசுகளைக் கம்பெனி பர்மிங்காமில் அடிப்பித்தது. அவற்றில் இருந்த தொடர் 'சுமத்திராத் தீவு'. 400 கெப்பிங் ஒரு ஸ்பானிய வெள்ளிக்கு ஈடாகும். மக்கள் அக்காசைக் கண்டு பழகினர், நம்பினர்.

பிற்காலத்து வணிகர் அந்நம்பிக்கையையே முதலாகக் கொண்டனர். சுமத்திரா என்பதைச் சுல்தானா என மாற்றி, ஆண்டை மட்டும் பழையபடியே விட்டனர். கம்பெனிக் காசெனக் கண்ணுக்குத் தோன்றவும் வேண்டும். கம்பெனிக் காசைப் போலியாக அடித்தார் என்னும் பழி சேரவும் கூடாது என்பதே இதன் கருத்து எனலாம். ஆகவே இக்காசில் பொறித்த ஆண்டு அது பிறந்த ஆண்டு அன்று. பொறித்த இடமும் அது வழங்கிய இடம் அன்று. எழுத்துச் சான்று என்பதனாலேயே ஒன்றை மெய்யென ஏற்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆயினும் இப்பொய்யும் வரலாற்றுக்குச் சான்றே. எக்காசை மக்கள் நம்பினர் என்பதனைப் போலி நன்கு காட்டுகின்றது. நம்பப்படாத காசுக்குப் போலி செய்வார் யார்?

வெள்ளியும் துட்டும்

பென்கூலன் தமிழர்க்குத் தொடர்பில்லாத ஊர் அன்று. சென்னையிலிருந்து கைதிகள் அவ்வூருக்கு நாடு கடத்தப்பட்டனர். 1824-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் அவ்வூரை டச்சுக்காரரிடம் ஒப்படைத்தபோது, அக்கைதிகளுள் 80 பேர் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். கெப்பிங் வழங்கிய ஊரிலிருந்து, கெப்பிங்கின் போலி வழங்கவிருந்த ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர்.

சொற்களும் இக்கதையைத் தாங்கி நிற்கின்றன. டச்சுக் கம்பெனியின் சிறு செப்புக்காசு 'டாய்ட்' எனப்பட்டது. 'வி' என்னும் பெரிய ஆங்கில எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ', 'சி' ஆகியவை பிணைந்த முத்திரை அதன் அடையாளம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் வெளியிட்ட காசுகளிலும் இம்முத்திரையைக் காணலாம். அக்காசின் பெயரே தமிழில் 'துட்டு' ஆயிற்று. மலாயில் 'டுயிட்' ஆயிற்று. இன்று இரு மொழியிலும் அச்சொல் பணம் என்னும் பொதுப்பொருளில் வழங்குகின்றது. சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்பதில் பழைய வெள்ளி நாணயத்தின் நினைவு உள்ளது. மலாய் மொழியின் 'ரிங்கிட்' என்பதோ அந்நாணயத்தின் பல்வரிசை போன்ற விளிம்பைக் குறித்த சொல். செல்வர் கையில் புரண்ட காசு ஒரு சொல்லிலும், ஏழையர் மடியில் முடிந்த காசு மற்றொரு சொல்லிலும் எஞ்சியுள்ளன.

கம்பெனி 1845 என்னும் ஆண்டு பொறித்த செப்புச் சதம், அரைச் சதம், காற்சதம் ஆகியவற்றை வெளியிட்ட பின்னரே நீரிணைக் குடியேற்றங்களுக்கெனச் செம்மையான சில்லறைக்காசு அமைந்தது. அதற்கு முன்பு வணிகர் காசுக்குப் பிணை நின்ற அரசு எதுவுமில்லை. எவரேனும் அதனைக் கொள்ள மறுத்தால் இழப்பு, அடித்தவர்க்கன்று. இறுதியாக அதனைக் கையில் வைத்திருந்த கூலியாளுக்கே.

கண்டெடுப்போர் கடமை

சேவற்காசின் போலிகள் இன்றும் நினைவுப் பொருளாக விற்கப்படுகின்றன. காந்தம் இழுக்குமாயின் அது செம்பன்று. விளிம்பில் வார்ப்புக் கோடும், பரப்பில் சிறு குமிழ்த் துளைகளும் காணின் அது அச்சில் அடித்ததன்று, வார்த்தது என ஐயுறலாம். எடை, குறுக்களவு, இரு புறத்துப் படம், கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை உடனே எழுதி வைத்தல் நன்று. பழமையான பொருள் எனத் தோன்றின் தேசிய மரபுடைமைக் கழகத்திற்கு அறிவித்தல் முறையாகும். இடம் குறிக்கப்பெறாத காசு, கையொப்பம் கிழிந்த கடிதம் போன்றது.

அரசர் காசு அரசர் புகழைக் கூறும். சேவற்காசு கூறுவதோ ஒரு துறைமுகத்தில் நாள்தோறும் உப்பும் வெற்றிலையும் வாங்கியோரின் வாழ்வை. அவர்களுள் பெரும்பாலோர் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவர்கள் கைபட்டுத் தேய்ந்த அச்செம்பே அவர்கட்கு எஞ்சிய சாசனம்.