விறகு அரிய எந்த அளவு இயந்திர வாள் வாங்கலாம்?

"செயின் சோ ஒன்று வாங்கப் போகிறேன். எத்தனை இஞ்சி எடுக்கலாம்?"

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்து வீடுகள் விறகு அடுப்புக்குத் திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் 20 அல்லது 22 அங்குலம் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டு விறகுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை என்பதே என் அனுபவம். போர் நடந்த காணிகளில் மரம் அரிபவர்களுக்கு அது வீண் செலவு, ஆபத்தும் கூட.

முதலில் மரத்தை அளவுங்கள்

வாளின் உடலுக்கு வெளியே நீண்டிருக்கும் தகட்டைத்தான் பார் என்கிறோம். செயின் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. 16 அங்குல வாள் என்றால் ஏறத்தாழ அந்த நீளம் வெட்டுக்குக் கிடைக்கும் என்று பொருள். அரியும் குற்றியின் குறுக்களவை விட பார் 2 அங்குலம் நீளமாக இருந்தால் போதும்.

குறுக்களவு தெரியாவிட்டால் ஒரு கயிற்றை மரத்தைச் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தை மூன்றால் பிரியுங்கள். சுற்றளவு 36 அங்குலம் என்றால் குறுக்களவு 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 14 அங்குல பார் போதும். உங்கள் வளவில் விறகாகப் போகும் வேம்பு, பூவரசு, புளி, மாமரக் கொப்புகளை இப்படி அளந்து பாருங்கள். பெரும்பாலானவை 4 முதல் 10 அங்குலத்துக்குள் அடங்கும். எப்போதாவது தடித்த அடிமரம் வந்தால் இரு பக்கமும் நின்று அரியலாம். அப்படி அரிந்தால் 16 அங்குல பார், 24 அங்குல மரத்தையும் சமாளிக்கும்.

எஞ்சினுக்கு ஏற்ற பார்

பாரின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பலர் விடும் பிழை. செயினை இழுப்பது எஞ்சின். அதன் கொள்ளளவை சிசி கணக்கில் சொல்வார்கள். நான் பின்பற்றும் கணக்கு இது:

- 30 முதல் 38 சிசி வரை: 12 அல்லது 14 அங்குலம். கொப்பு, வேலிக் கதியால், சிறு குற்றிகளுக்கு.
- 40 முதல் 46 சிசி வரை: 16 அங்குலம். வீட்டு விறகுக்கு இதுவே போதுமானது.
- 50 முதல் 58 சிசி வரை: 18 அங்குலம், மென்மரம் என்றால் 20. கூலிக்கு அரிபவர்களுக்கு.
- 65 சிசிக்கு மேல்: 20 முதல் 25 அங்குலம். அடிமரம் தறிப்பவர்களுக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் சிசியை மட்டும் நம்பாதீர்கள். மலிவான வாள்களில் அது கூட்டிப் போடப்பட்டிருக்கலாம். கிலோவாட் எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல 45 சிசி வாள் ஏறக்குறைய 2.2 கிலோவாட் தரும்.

எங்கள் காட்டுமரங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாலை, வீரை, முதிரை மூன்றும் வைரமான மரங்கள். பாலை தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது. இப்படிப்பட்ட மரம் காய்ந்துவிட்டால் அதே எஞ்சினுக்கு இரண்டு அங்குலம் குறைந்த பாரைப் போடுங்கள். 45 சிசி வாளில் 20 அங்குல பாரைப் போட்டு வீரையை அரிந்தால் செயின் மெதுவாகும், ஆள் பாரை அழுத்துவார், எஞ்சின் சூடேறும். ஒரு பருவத்திலேயே பிஸ்டன் போய்விடும்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

நீளமான பார் வேண்டாம் என்பதற்கு முக்கிய காரணம் இதுதான். மீளக் குடியேறிய பின் எங்கள் காணியில் சாய்ந்து கிடந்த வேம்பொன்றை 20 அங்குல வாளால் அரிந்தேன். நடுவில் 'கிரீச்' என்ற சத்தத்தோடு தீப்பொறி பறந்தது. நிறுத்திப் பார்த்தபோது செயினில் ஒரு பக்கப் பற்கள் முழுவதும் மழுங்கி, இரண்டு பற்கள் உடைந்திருந்தன. உள்ளே கட்டைவிரலளவு ஷெல் துண்டு. வெளியே பட்டையில் ஒரு சிறு புடைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மரம் உயர்வது நுனியில்தான். அடிமரத்தில் பட்ட துண்டு, பட்ட உயரத்திலேயே நிற்கும். ஆனால் மரம் பருக்கும்போது ஆண்டுக்கு ஆண்டு அதை மூடிக்கொண்டே போகும். 2009இல் தைத்த சிதறல் இன்று விரல் ஆழத்திலோ அதற்கும் உள்ளேயோ இருக்கலாம். ஆகவே அரிய முன் இவற்றைப் பாருங்கள்:

- பட்டையில் புடைப்பு, மூடிய தழும்பு, பொந்து, ஓரிடத்தில் மட்டும் வளைந்து போன பட்டை.
- வெட்டுமுகத்தில் கருநீலக் கறை. இரும்பு மரச்சாற்றோடு சேரும்போது சில மரங்களில் இந்தக் கறை வரும். கண்டால் அந்த இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி அரியுங்கள்.
- வேலி மரங்களில் முட்கம்பி, ஆணி. பூவரசும் கிளுவையும் கம்பியை அப்படியே விழுங்கிவிடும்.
- பதுங்குகுழிக்கு மேல் அடுக்கிய பழைய பனங்குற்றிகள். வெடிப்புகளில் மண் ஏறியிருக்கும். மண்ணும் செயினைத் தின்னும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு அரியுங்கள்.

நன்றாக ஆராய்ந்தாலும் ஒரு நாள் இரும்பு படத்தான் செய்யும். அப்போது நட்டத்தைக் குறைப்பது சிறிய பார். 20 அங்குலத்துக்கான சாதாரண செயினில் 76 இழுவைக் கண்ணிகள் இருக்கும். 16 அங்குலச் சிறு செயினில் ஏறக்குறைய 55. விலையும் அதற்கேற்பக் குறையும், அரம் போடும் நேரமும் குறையும். சந்தேகமான மரத்துக்கென்று ஒரு பழைய செயினை வைத்திருங்கள். செயின் அறுந்தால் பின்பக்கமாக விசிறி வரும். அதனால் பாரின் நேர்கோட்டில் நிற்காதீர்கள்.

இரும்பென்று நினைப்பது வெடிக்காத பொருளாகவும் இருக்கலாம். உருண்டையாகவோ குழாய் போலவோ ஏதும் தெரிந்தால் தொடாமல், தட்டாமல், அடையாளம் வைத்துவிட்டு விலகிப் பொலிஸுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் விறகுக்காகக் கால் வைக்கவே வேண்டாம்.

உங்கள் உடம்பையும் கணக்கில் எடுங்கள்

பாரும் செயினும் இல்லாமல் 45 சிசி வாள் 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். 70 சிசி வாள் 6.5 கிலோவைத் தொடும். எரிபொருளும் ஒயிலும் நீண்ட பாரும் சேர்ந்தால் இன்னும் பாரம். எங்களிடையே முதுகில், தோளில், கையில் சிதறலோடு வாழ்பவர்கள் பலர். அப்படிப்பட்டவருக்கு 35 சிசி, 14 அங்குல வாள்தான் பொருத்தம். வேலை மெதுவாகப் போகும், பரவாயில்லை. கடையில் வாளை இடுப்புயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் சிறியதை எடுங்கள்.

இரு கையாலும் இறுக்கிப் பிடிக்க முடியாதவர் இந்த வாளை இயக்கவே கூடாது. பாரின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் ஒரு கணத்தில் முகத்தை நோக்கி எகிறும். செயற்கைக் காலோடு சரிவில் நின்று அரிவதும் ஆபத்து. இவர்கள் சமதரையில், குற்றியைத் தாங்கியில் வைத்து அரியலாம், அல்லது நாட்கூலிக்கு ஆள் பிடிக்கலாம். ஷெல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் காதுக்காப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.

வாங்கும்போதும் பிறகும்

செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். உங்கள் பாருக்கான செயினும் அதற்குப் பொருந்தும் அரமும் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். பாரில் பொறித்த பிட்ச், தடிப்பு, கண்ணி எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைத்திருங்கள். சிறிய 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர் அரம், 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் அரம்.

பெற்றோலில் கலக்கும் ஒயிலின் அளவு கைநூலில் இருக்கும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. செயினுக்கான ஒயில் தனி. வாள் செதிளாகத் தள்ளினால் செயின் கூர். மாவாகக் கொட்டினால் அழுத்தாமல் நிறுத்தி அரம் போடுங்கள்.

இயந்திர வாள் வைத்திருப்போர் அதைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று 2019இல் அரசு அறிவித்தது. இரசீதையும் இலக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. வேறு மரங்களைத் தறிப்பதற்கும், மரத்தை வெளியே ஏற்றுவதற்கும் முன் கிராம அலுவலரைக் கேளுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது 45 சிசி, 16 அங்குல வாள். அந்த 20 அங்குல பார் கொட்டிலில் தொங்குகிறது. இத்தனை ஆண்டில் அதைக் கழற்றி மாட்டியது இரண்டே தரம், இரண்டும் பெரிய புளியமரத்துக்கு, அதுவும் 60 சிசிக்கு மேற்பட்ட இரவல் வாளில். மற்ற எல்லா விறகையும் சின்ன வாளே அரிந்து தந்திருக்கிறது.