விருந்தும் பிணையும்

என் சித்தப்பா 1986இல் ரியாத்துக்குப் போனார். ஒரு வீட்டில் கார் ஓட்டும் வேலை. போய் இறங்கிய அன்று வீட்டுக்காரர் அவரை மஜ்லிஸில் உட்காரவைத்துத் தம் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார். பிடியில்லாத சின்னக் கோப்பை, அதில் கால்வாசிக் காப்பி. பால் இல்லை, சர்க்கரை இல்லை. பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டு. குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினார். மறுபடியும். போதும் என்று எப்படிச் சொல்வதென்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ஆறாவது கோப்பையில், அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்த மலையாளி ஒருவர் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டும்படி சைகை செய்தார். ஆட்டியதும் ஊற்றுவது நின்றது.

அன்று மாலை அதே மனிதர் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருடம் கழித்துத் தாத்தா இறந்தபோது அது கைக்கு வர இருபது நாளாயிற்று. பதினாறும் முடிந்த பிறகுதான் சித்தப்பா கம்பம் வந்து சேர்ந்தார். இன்றும் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: “அவங்க வழக்கம்ப்பா அது.”

இரண்டும் வழக்கம்தானா என்பது லண்டனில் இருபது வருடம் இருந்துவிட்ட எனக்குத் தீராத கேள்வி.

காப்பியைப் பொறுத்தவரை சந்தேகமில்லை. 2015இல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, அரபுக் காப்பியை விருந்தோம்பலின் அடையாளமாக யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. இடக்கையில் ‘தல்லா’ என்ற கூர்மூக்குக் கூஜா, வலக்கையில் ‘ஃபின்ஜான்’ என்ற கோப்பை. மூத்தவருக்கோ முக்கியமான விருந்தாளிக்கோ முதலில் ஊற்ற வேண்டும். கோப்பையை நிறைக்கக் கூடாது. இதற்குப் பின்னால் இருப்பது பாலைவனத்தின் பழைய நியதி. கூடாரத்துக்கு வந்தவன் யாராக இருந்தாலும் மூன்று நாள் அவனுக்குச் சோறும் பாதுகாப்பும் உண்டு. வந்த காரியம் என்னவென்று உடனே கேட்பதும் மரியாதையில்லை. நமக்கும் இது புதிதல்ல. ‘விருந்து’ என்ற சொல்லுக்குத் தொல்காப்பியத்தில் புதுமை என்று பொருள். முன்பின் தெரியாத புதியவர்தான் விருந்து. உறவினர் அந்தக் கணக்கில் பிற்பாடு சேர்ந்தவர்.

அந்தக் கோப்பையிலும் பாலைவனத்தின் பங்கு குறைவுதான். காப்பிக்கொட்டை ஏமன், ஜாஸான் பக்கத்து மலைகளில் விளைவது. அதற்கு மணம் தரும் ஏலக்காய் கடல் தாண்டி வருவது. அவர்கள் அதை ‘ஹேல்’ என்கிறார்கள். இன்று குவாத்தமாலா ஏலக்காய்தான் உலகச் சந்தையில் அதிகம். அதற்கு முன்பு நெடுங்காலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காய்தான் அரபு நாடுகளுக்குப் போனது. இன்றும் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கி மலைக்கு ஏறிப்போய்க் காய் பறிக்கிறார்கள். போடியில் அது ஏலம் போகிறது. என் அப்பத்தாவும் அப்படிப் போய்ப் பறித்தவர்தான். ரியாத்தில் குடித்த முதல் காப்பியில் சித்தப்பாவுக்குத் தெரிந்தது ஊர் வாசம்.

இனி, பாஸ்போர்ட்டைப் பூட்டிய கை. ‘கஃபீல்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பிணை நிற்பவர் என்று பொருள். அந்நியனுக்குப் பிணை நிற்பதும் அங்கே பழைய வழக்கம்தான். 1946 முதல் 1948 வரை ‘வெற்றுப் பகுதி’ எனப்படும் பெரும் மணல்வெளியை இருமுறை கடந்த ஆங்கிலேயர் வில்ஃப்ரெட் தெசிகர் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஒரு கூட்டத்தின் நிலத்தைக் கடக்க வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு ‘ரபீஆ’ என்று பெயர். வழியில் அவருடைய சொந்த ஆட்களே விருந்தாளியைத் தாக்க வந்தாலும் அவர் குறுக்கே நின்றாக வேண்டும். தவறினால் அவமானம் அவருக்கு.

ஆனால் 1948இல், மன்னர் இப்னு சவூதின் அனுமதி இல்லாமல் வந்ததற்காகத் தெசிகரைச் சுலையில் என்ற ஊரில் பிடித்துவைத்தார்கள். மன்னருக்கு நெருக்கமான ஃபில்பி பரிந்து பேசிய பிறகே விட்டார்கள். பாலைவனத்துப் பிணை செல்லாத இடம் ஒன்று வந்துவிட்டிருந்தது. அதன் பெயர் அரசு.

1938இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்டதிலிருந்து வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். 1952இல் சவூதி வசிப்பிடச் சட்டம் வந்தது. பிணை நிற்பது என்ற பழைய சொல் ‘கஃபாலா’ என்று இந்தப் புது ஏற்பாட்டுக்குப் பெயரானது. பக்கத்து பஹ்ரைனின் கதையை ஆராய்ந்த ஒமர் அல்ஷெஹாபி, கஃபாலா பழங்குடி மரபின் தொடர்ச்சி அல்ல, 1920களில் பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியூர்த் தொழிலாளரைக் குறைந்த செலவில் கண்காணிக்கக் கண்டுபிடித்த வழி என்கிறார். அன்று வளைகுடா விவகாரங்களைக் கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. அந்தக் கோப்புகள் இங்கே செயின்ட் பாங்க்ராஸில், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. சவூதி பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்ததில்லை. ஆகவே பஹ்ரைன் கதையை அப்படியே அங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் மரபு என்று சொல்லப்படுவதன் ஒரு பகுதி அலுவலக மேசையில் எழுதப்பட்டது என்பது இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

வேறுபாடு எளிமையானது. ரபீஆ முறையில் பிணையின் பாரம் பிணை நிற்பவர் தலையில். கஃபாலாவில் அது வந்தவர் தலையில். வேலை மாற, ஊருக்குப் போக, எல்லாவற்றுக்கும் கஃபீலின் சம்மதம் வேண்டும். சொல் அதேதான், பாரம் மட்டும் ஆள் மாறிவிட்டது. 2021 மார்ச் 14 முதல் சவூதி இந்தக் கட்டுப்பாடுகளில் சிலவற்றைத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கு அந்தத் தளர்வு இல்லை. சித்தப்பா இன்று அங்கே இருந்தாலும் விடுபட்டோர் பட்டியலில்தான் இருப்பார்.

இதை லண்டனில் உட்கார்ந்து சொல்வது எளிது என்று யாரும் கேட்கலாம். படிப்பு முடித்து நான் கணினி வேலைக்குச் சேர்ந்தபோது என் விசாவும் ஸ்பான்சர் என்ற நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. அந்த வேலை போனபோது அறுபது நாளுக்குள் இன்னொரு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்றார்கள். ஐம்பத்திரண்டாவது நாள் கிடைத்தது. அந்த நாட்களில் சித்தப்பாவை அடிக்கடி நினைத்தேன். ஆனால் என் பாஸ்போர்ட் என் மேசை இழவறையில் இருந்தது. அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அன்று இரவே விமானம் ஏறியிருப்பேன். அது சின்ன வேறுபாடு அல்ல.

வழக்கம் என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. யார் எழுதினார்கள், யாரால் மாற்ற முடியும் என்று யாரும் கேட்பதில்லை. காப்பி வழக்கம். பூட்டிய அலமாரி சட்டமும் அதைக் கண்டுகொள்ளாத அதிகாரமும் கொடுத்தது. போன முறை ஊருக்குப் போனபோது இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “காப்பி மட்டும் நிஜமாவே மனசார ஊத்துனாருப்பா” என்றார். சித்தி இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். சித்தப்பா கையிலிருந்த காலி டம்ளரை இலேசாக ஆட்டிக் காட்டினார்.