அசோக் லேலண்ட் தோஸ்த்

ஓசூரில் தயாராகும் சிறு சரக்கு வாகனம். அசோக் லேலண்ட், ஜப்பானின் நிசான் கூட்டு முயற்சியில் 2011இல் அறிமுகமானது; 2016இல் நிசான் கூட்டிலிருந்து விலக முடிவானது. முதல் மாதிரி 3 சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் சுமார் 1.25 டன் சுமை தாங்கியது.

பழைய வண்டியாக வாங்குவோருக்கு இதில் சாதகங்கள் உண்டு. தமிழ்நாட்டிலேயே தயாராவதால் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கும் மாதிரிகளுக்குச் சரக்கு பெர்மிட் தேவையில்லை.

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் வாங்குவோர் சேஸியை அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளுக்கு உப்பிட்ட பச்சைத்தோல் ஏற்றிய வண்டிகளில் வடியும் உப்புநீர் சேஸியையும் தொட்டித் தகட்டையும் அரித்துவிடும். ஸ்பிரிங் பட்டைகளின் தளர்ச்சி அதிகச் சுமை ஏற்றியதைக் காட்டும். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருப்பதையும் எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு ஆகியவை நடப்பில் இருப்பதையும் உறுதிசெய்த பிறகே முன்பணம் தர வேண்டும்.